ஒரு மரம் சொன்னா நம்பாதீங்க!

போன மாசம் ஒரு காலேஜுக்கு சீஃப் கெஸ்ட்டாகப் போயிருந்தேன். (சிரிக்காதீங்க... என்னையும் எப்பவாவது கூப்பிடறாங்க!) எந்த ஊர், எந்த காலேஜ்னு மட்டும் கேட்கக் கூடாது. கேட்டைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பிணம்.

பதறாதீங்க ஃப்ரெண்ட்ஸ்... மரத்தோட பிணம்!

டூ வீலர் பார்க்கிங்குக்கு இடம் பத்தலையாம். காம்பவுண்ட் ஓரமாக நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கிளையெல்லாம் லாரி ஏறிப் போய்விட, அடிமரம் மட்டும் டைனிங் டேபிள் சைஸுக்கு மிச்சம். அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். மௌன அஞ்சலி போலன்னு நினைச்சு நானும் பவ்யமாகப் பக்கத்தில் போய் நின்றால்... பெட்! மரத்தோட வயசு என்னன்னு பெட். தோற்றவர் ஜெயித்தவருக்கு பிரியாணி வாங்கித் தரணும்.

விஸ்காம் பையன் ஒருத்தன் எண்ணி முடித்து, "நாப்பத்தி மூணு" என்றான். பாட்டனி ஃபைனல் இயர் பொண்ணு ஒருத்தி, ஹேர்பின்னால் ஒவ்வொரு வளையமாகக் குத்திக் குத்தி எண்ணி, "அறுபத்தி ஒண்ணு. ஒண்ணு கூட விடலை" என்றாள். "ஒரு வளையம்னா ஒரு வருஷம்னு ஸ்கூல்லயே படிச்சிருக்கோம்ல சார்... நீங்களே தீர்ப்பு சொல்லுங்க!"

மாட்டிக்கிட்டேன். தீர்ப்பு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. அது கடைசியில். இப்போ இந்த வார மேட்டருக்கு வருவோம்.

ஸ்கூல் புக்கில் படிச்சது பொய்யில்லை. ஆனா பாதிதான் உண்மை. மரப்பட்டைக்கு உள்பக்கம் மெல்லிசாக ஒரு வளர்படலம் இருக்கிறது. மரம் பருப்பது அங்கேதான். குளிர் தேசங்களில் வசந்தம் வந்ததும் அது அவசர அவசரமாக, பெரிய பெரிய செல்களைப் போடும். அது வெளிர் நிறம். கோடை முடியப் போகிறது என்றதும் வேகம் குறைந்து, சின்னச் சின்ன, தடித்த சுவர் செல்கள். அது அடர் நிறம். அப்புறம் பனிக்காலம் முழுக்கத் தூக்கம். அடுத்த வசந்தத்தில் மறுபடியும் வெளிர். ஆக, வருஷத்துக்கு ஒரு வளையம் பக்காவாக விழுந்துவிடும்.

நம்ம ஊர் மரத்துக்கு ஏது பனிக்காலம்? மார்கழி மாசம் கோலம் போடறப்ப கொஞ்சம் சிலுசிலுங்கும், அவ்வளவுதான். வெப்ப நாடுகளில் பல மரங்கள் வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே இருக்கும். நின்றால்தானே கோடு விழும்? சில மரங்கள் நடுவில் ஒரு வறட்சி வந்து, திரும்ப மழை பெய்தால், ஒரே வருஷத்தில் ரெண்டு கோடு போட்டுவிடும். ரொம்ப மோசமான வருஷத்தில் வளையமே போடாமல் 'ஆப்சென்ட்' ஆகிற மரங்களும் உண்டு. அதனால் ஒரு வெட்டுமரத்தை வைத்து எண்ணிச் சொல்கிற வயசை அப்படியே நம்ப முடியாது.

தேக்கு இதில் விதிவிலக்கு. வெயில் காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும். மழை இறங்கியதும் முழித்துக்கொண்டு, பெரிய பெரிய துவாரங்களாக ஒரு வரிசை போடும். பழைய வீட்டுத் தேக்கு நிலை, உத்திரம் எதுவாவது இருந்தால் அதோட குறுக்குவெட்டு முனையைப் பாருங்க. பூதக்கண்ணாடியே வேண்டாம்.

அப்போ விஞ்ஞானிகள் மட்டும் எப்படி அடித்துச் சொல்றாங்க? இங்கேதான் ஒரு ஃப்ளாஷ்பேக்.

ஆண்ட்ரூ எலிகாட் டக்ளஸ். ஆள் பாட்டனிக்காரர் இல்லை, வானியல்காரர்! அமெரிக்காவின் அரிஸோனாவில் இருக்கிற லோவல் வானாய்வகத்தில் வேலை. செவ்வாய் கிரகத்தில் கால்வாய் வெட்டியிருக்காங்கன்னு நம்பிய பாஸோடு ஒத்துப்போகாமல், 1901-ல் வேலை போச்சு. (சரியானதைச் சொல்லி வேலையை விட்டவங்க லிஸ்ட்டில் இவரும் சேர்த்தி.) மனுஷனுக்கு சூரியப் புள்ளிகள் மேல் ஒரு கண். அது சுமார் பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். அதனால் மழை மாறுமா, மழை மாறினால் மரம் மாறுமா என்று யோசித்து, 1904 வாக்கில் பைன் மரத் துண்டுகளைத் தேடி அலைய ஆரம்பித்தார்.

சூரியப் புள்ளி விஷயத்தில் அவர் எதிர்பார்த்த மாதிரி அழுத்தமான சாட்சி கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று. ஃபிளாக்ஸ்டாஃப் ஊர் மரங்களில் இருந்த அதே 'குண்டு, ஒல்லி, ஒல்லி, குண்டு' வரிசை, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த ப்ரெஸ்காட் ஊர் மரங்களிலும் இருந்தது. இதை அவர் பிடித்தது 1911-ல். ஒரு மரத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, பல மரங்களை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார். மேட்டர் அவ்வளவுதான்!

புரியலையா? ஹாஸ்டலுக்கு வாங்க. பத்து பேர் தினமும் டைரி எழுதறாங்கன்னு வெச்சுக்குங்க. மார்ச் 12-ம் தேதி ஒருத்தன் டைரியில் மட்டும் 'வாழ்க்கையே வெறுத்துப் போச்சு'ன்னு இருந்தால், அது அவன் லவ் மேட்டர். பத்து டைரியிலும் அதே தேதியில் 'வயிறு சரியில்லை'ன்னு இருந்தால்? கோளாறு மெஸ்ஸில்! மரமும் அப்படித்தான். ஒரு மரத்தின் வளையம் ஒரு வருஷம் ஒல்லியாவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பூச்சி அரித்திருக்கும், பக்கத்து மரம் வெயிலை மறைத்திருக்கும், கிளை முறிந்திருக்கும். காடு முழுக்க ஒரே வருஷத்தில் ஒல்லியானால், அது மரத்தின் சொந்தக் கதை இல்லை. காட்டுக்கே ஏதோ நடந்திருக்கிறது. ஒருத்தன் ஒரு பக்கம் எழுதாமல் விட்டிருந்தாலும் மற்ற ஒன்பது டைரியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இதோடு இளமரத்தில் வளையம் அகலமாகவும், வயசாக ஆகக் குறுகலாகவும் விழும் என்கிற சமாசாரமும் இருக்கிறது. அதையும் கணக்கில் கழித்த பிறகுதான் மிச்சமிருப்பதை மழை, வெயில், புகையோடு ஒப்பிடுவார்கள்.

டக்ளஸ் 1937-ல் அரிஸோனா பல்கலைக்கழகத்தில் இதற்காகவே ஒரு ஆய்வகம் ஆரம்பித்தார். இடம் எங்கே கொடுத்தாங்க தெரியுமா? ஃபுட்பால் ஸ்டேடியத்தின் கேலரிக்குக் கீழே! 'தற்காலிகமாக' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். 70 வருஷத்துக்கும் மேலே அங்கேயே இருந்து, 2013-ல்தான் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபோனது. உங்க டிபார்ட்மென்ட் லேப் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே இருக்குதுன்னு இனிமே அலுத்துக்காதீங்க.

"இதுக்காக மரத்தையெல்லாம் வெட்டணுமா?"ன்னு ஒரு குரல் கேட்குது. வேண்டாம். துளைக்கருவி ஒன்று இருக்கிறது. உள்ளே குழலாக இருக்கும் திருகு. மரத்தின் பக்கவாட்டில் கையாலேயே திருகி உள்ளே செலுத்தி இழுத்தால், பென்சிலைவிட மெல்லிய மரக்குச்சி ஒன்று வெளியே வரும். பட்டையிலிருந்து நடுப்பகுதி வரை அத்தனை வளையமும் அதில் கோடு கோடாக இருக்கும். உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்து, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து அளப்பார்கள். மரம் பாட்டுக்கு நிற்கும்.

எப்பவுமே இப்படிச் சுபமாக முடிந்ததில்லை. இந்தத் துறையில் இருக்கிறவர்கள் இன்னிக்கும் குரல் தாழ்த்திச் சொல்கிற கதை ஒன்று இருக்கிறது. 1964 ஆகஸ்ட். அமெரிக்காவின் நெவாடா மாநிலம், வீலர் சிகரம். டொனால்ட் கரி என்கிற ஆராய்ச்சி மாணவர், பழைய பனியாறுகளின் காலத்தைக் கணிக்க பிரிஸில்கோன் பைன் மரங்களைத் துளைத்துக்கொண்டிருந்தார். ஒரு மரத்தில் துளைக்கருவியால் வேலை ஆகவில்லை. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மரத்தை வெட்ட வனத்துறையிடம் அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். வெட்டினார்கள். உட்கார்ந்து எண்ணினால்... 4,800-க்கும் மேலே வளையங்கள்! அன்றைக்கு உயிரோடு இருந்த மரங்களில், வயசு தெரிந்தவரை அதுதான் மூத்தது. அதைத் தெரிந்துகொண்ட நிமிஷத்தில் மரம் இல்லை. 'ப்ரமீதியஸ்' என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள்.

கரியை வில்லனாக்க எனக்கு மனசு வரலை. சட்டப்படி அனுமதி வாங்கின ஒரு ஸ்டூடண்ட். 'வேண்டாம்ப்பா'ன்னு சொல்ல வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவங்களைத்தான் நான் கேட்பேன். சரி, விடுங்க.

நம்ம பக்கத்துக்கு வருவோம். டாப்ஸ்லிப் வழியா பரம்பிக்குளம் போயிருக்கீங்களா? அந்தப் பக்கமெல்லாம் தேக்குதான். புனேயில் இருக்கிற இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள், கேரளத்துத் தேக்கு மரங்களின் வளையங்களைப் பொருத்திப் பொருத்தி, 1481-லிருந்து 2003 வரை 523 வருஷத்துக்கு ஒரு சங்கிலி போட்டார்கள். 2010-ல் அதை வெளியிட்டார்கள். பருவமழை பொய்த்த வருஷங்களில், குறிப்பாக பசிபிக் கடல் சூடாகி எல் நினோ வந்த வருஷங்களில், தேக்கு ஒல்லி வளையம் போட்டிருப்பது அடிக்கடி தெரிகிறது. நம்மகிட்ட மழைமானிக் கணக்கு இருப்பது கிட்டத்தட்ட 200 வருஷத்துக்குத்தான். அதற்கு முன்னால்? தேக்குதான் ஆவணம்.

அதே 2010-ல் எட்வர்ட் குக் என்பவரின் குழு, ஆசியா முழுக்க 300-க்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைச் சேர்த்து ஒரு வறட்சி வரைபடத் தொகுப்பே போட்டது. அதில் பளிச்சென்று தெரிகிற பெரும் வறட்சிகளில் ஒன்று, 1876 முதல் 1878 வரை. இந்த வருஷத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? உங்க பாட்டியோட பாட்டியைக் கேட்டிருந்தா உடனே சொல்லியிருப்பாங்க... தாது வருஷப் பஞ்சம்! மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் செத்துப்போன பஞ்சம். ஜனங்கள் கும்மிப் பாட்டாகப் பாடி நினைவு வைத்திருந்ததை, எங்கேயோ ஒரு காட்டில் மரமும் எழுதி வைத்திருக்கிறது.

ஒன்று மட்டும் கவனிங்க. மழை பொய்த்ததற்கு மரம் சாட்சி. அதே சமயத்தில் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகத் தானியம் ஏற்றுமதி ஆனதே, அதற்கு மரம் சாட்சி சொல்லாது. 'எல்லாம் இயற்கையோட விளையாட்டு'ன்னு யாராவது இந்த வளையத்தைக் காட்டிச் சொன்னா, மண்டையை ஆட்டாதீங்க.

மழைக்கு மட்டும் இல்லை, நம்ம புகைக்கும் மரத்தில் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு விர்ஜீனியா. நிலக்கரி மின் நிலையங்களின் புகை காற்றோடு வந்து இறங்குகிற மலைப்பகுதி. அங்கே 100-லிருந்து 500 வயசு வரையிலான ஒருவகை ஜூனிப்பர் மரங்களைத் துளைத்துப் பார்த்து, 2013-ல் ஒரு ஆய்வு வந்தது. கந்தகப் புகை ஏற ஏற, இருபதாம் நூற்றாண்டில் மரங்களின் வளர்ச்சி அடிவாங்கியிருக்கிறது. இலையில் இருக்கிற நுண்துளைகள் சரியாகத் திறக்கவில்லை என்பதைக்கூட வளையத்தில் இருக்கிற கார்பனை வைத்தே கண்டுபிடித்தார்கள். 1970-ல் அங்கே காற்று மாசுக்கு எதிராகக் கறாரான சட்டம் வந்தது. சுமார் பத்து வருஷம் கழித்து, 1980 வாக்கிலிருந்து, அதே கிழட்டு மரங்கள் திரும்ப வேகமாக வளர ஆரம்பித்திருக்கின்றன! பார்லிமென்ட்டில் போட்ட சட்டத்துக்கு மரம் ரசீது கொடுத்த மாதிரி. 'சட்டம் போட்டு என்ன ஆகப் போகுது?'ன்னு கேன்டீனில் உட்கார்ந்து தத்துவம் பேசறப்ப இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

அடுத்தது கொஞ்சம் வில்லங்கம். மரத்துக்குச் சாப்பாடு கார்பன் டை ஆக்ஸைடுதானே? தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு இருந்தது, இப்போ 420-ஐத் தாண்டிவிட்டது. அப்போ மரங்களுக்கெல்லாம் ஃபுல் மீல்ஸ், காடு கொழுகொழுன்னு வளரும், நாம விடற புகையை அதுவே இழுத்துக்கும்... இப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர் மாடல்கள் பலதும் இதை நம்பித்தான் இருந்தன.

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 'நேரா மரத்தையே கேட்டுடலாம்'னு கிளம்பியது. பொலிவியா, கேமரூன், தாய்லாந்து... மூன்று கண்டங்களின் வெப்பக் காடுகள். சுமார் 1,100 மரங்கள், 150 வருஷக் கணக்கு. 2015-ல் வெளிவந்த பதில்: மரங்கள் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன. 30-லிருந்து 35 சதவிகிதம் முன்னேற்றம். ஆனால் வளர்ச்சி? கூடவே இல்லை! சாப்பாடு அதிகம் வைத்தும் உடம்பு ஏறவில்லை. மண்ணில் சத்து போதவில்லையோ, வெப்பம் அதிகமாகி அடித்துவிட்டதோ... காரணத்தை வளையம் மட்டும் சொல்லிவிடாது.

சரி, வேகமாக வளர்கிற மரங்கள் எங்கேயாவது இருக்குமே, அதுகளாவது காப்பாத்துமா? இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூல் ப்ரீனன் தலைமையிலான குழு, 82 வகை மரங்களின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வளையப் பதிவுகளைக் கிளறி 2020-ல் சொன்னது: வேகமாக வளர்கிற மரம் சீக்கிரம் சாகிறது. கிட்டத்தட்ட எல்லா வகையிலும், எல்லா ஊரிலும். செத்து மட்கினால் உள்ளே பிடித்து வைத்த கார்பன் திரும்ப வெளியேதான்.

இதைப் படித்ததிலிருந்து 'ஒரு மரத்தை வெட்டினா பத்துக் கன்று நட்டுடறோம் சார்'னு யார் சொன்னாலும் எனக்குச் சுருக்குன்னு இருக்கு. கன்று நடறது நல்ல விஷயம்தான். நட்டு, மாலை போட்டு, போட்டோ எடுத்து, அதோட மறந்துபோறதையும் பார்க்கிறோம்தானே? அந்தப் பத்தும் பிழைத்து, ஐம்பது வருஷம் நின்றால்தான் கணக்கு நேராகும்.

ஐம்பது வருஷம்னதும் ஞாபகம் வருது... தீர்ப்பு!

ஃபங்ஷன் முடிந்து சாயந்திரம் நான் கிளம்புகிறபோதும் அந்த கோஷ்டி கலையவில்லை. 43-ஆ, 61-ஆன்னு சண்டை உச்சத்தில். வளையம் எண்ணுவதில் இருக்கிற சிக்கலையெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தபோது, பின்னால் ஹோஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த தோட்டக்கார அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"என்ன தம்பி, மரத்து வயசா?"

"ஆமாண்ணே. உங்களுக்குத் தெரியுமா?"

"இது எங்கப்பா வெச்ச மரம். எமர்ஜென்சி வந்துச்சே, அந்த வருஷம். நான் அஞ்சாங்கிளாஸ். ஸ்கூல் விட்டு வந்து தண்ணி ஊத்துவேன்."

1975. கணக்குப் போட்டால் ஐம்பது சொச்சம். ரெண்டு பேரும் அவுட்! கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வெட்டுகிற அன்னிக்கு அவர் எங்கே நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. கேட்கலை. பிரியாணியை ரெண்டு பேரும் பாதிப் பாதி காசு போட்டு அவருக்கே வாங்கிக் கொடுத்தார்கள். ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கட்டிக்கொண்டார்.

போன வாரம் அந்தப் பாட்டனி பொண்ணு போன் பண்ணினாள். அடிமரத்தில் ஒரு வட்டு அறுத்து வாங்கி, லேபில் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்களாம். நடுவில் ஒரு குண்டூசி குத்தி 1975-னு எழுதி ஒட்டியாச்சாம். அந்த ஊர் மழைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போறாங்களாம்.

"சூப்பர்ம்மா... ஆனா ஒரு மரம் பத்தாதே!" என்றேன்.

"தெரியும் சார். பார்க்கிங்குக்குன்னு இன்னும் ரெண்டு மரத்துல பெயின்ட்டால மார்க் போட்டிருக்காங்க. அதை வெட்டக் கூடாதுன்னு பிரின்ஸிபாலுக்கு மனு எழுதிட்டோம். இதுவரைக்கும் 140 கையெழுத்து. அது இருக்கட்டும் சார்... அந்தத் துளைக்கருவி எங்க சார் கிடைக்கும்?"